குறுக்குமரம்

எங்கள் பங்குக் கோவிலில் பெரிய வெள்ளிதோறும் இயேசுவாக நடித்து வந்தவருக்குத் தொப்பை வைத்துவிட்டது. அதனால்தான் நான் சிலுவையில் ஏறவேண்டி வந்தது.

"இனி என்னை ஏத்தினா சனம் அழாது, சிரிக்கும்" என்று அவரே சொல்லிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் தாடி வழிக்காமல் இருந்தேன். பித்தப்பையை வெட்டி எடுத்த பிறகு உடம்பும் நன்றாக மெலிந்திருந்தது. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றபோது, நாடகத்தை நெறிப்படுத்தும் அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தார்.

"தாடியை எடுத்துப்போடாதையும் தம்பி" என்றார். தெரிவு முடிந்துவிட்டது.

அக்காவுக்கு மன்னார். ஐம்பதைத் தாண்டியவர். கவுன்சிலில் வீடமைப்புப் பிரிவில் வேலை. நாள் முழுவதும் சனத்தின் முகத்தைப் பார்த்து ஏலாது என்று சொல்லிப் பழகியவர். அவருக்கு யாரும் ஏலாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் லண்டனில், இல்ஃபோர்ட் பக்கம் பஸ் ஓட்டுகிறவன். செவன் கிங்ஸில் வீடு. மேடையில் அதற்கு முதல் ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடத்தில், மரமாக நின்றிருக்கிறேன்.

வேடம் கிடைத்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிலுவையைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். கழுத்திலும் கட்டில் தலைமாட்டிலும் கல்லறையிலும் அதுதான். ஆனால் அதில் ஒரு மனிதனை எப்படி ஏற்றினார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஷிப்டுக்கு நடுவில் டெப்போ கன்ரீனில் இருந்து போனில் வாசிக்கத் தொடங்கினேன். சோறு ஆறிப்போகும். வாசிக்காமல் விடவும் முடியவில்லை.

அந்தத் தண்டனையை ரோமர்கள் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுக்கு முன்பே பாரசீகர்கள் மனிதர்களை மரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ரோமர்கள் அதை ஒரு வழக்கமாக்கினார்கள். சொந்தக் குடிமக்களை அநேகமாக அப்படிக் கொல்லமாட்டார்கள். அடிமைகளுக்கும், கடற்கொள்ளைக்காரருக்கும், ஆட்சியை எதிர்த்து எழும்பியவர்களுக்கும் அதை வைத்திருந்தார்கள். முதலில் சவுக்கடி. பிறகு ஊருக்கு வெளியே, ஆள் போக்குவரத்து உள்ள வீதியோரம். அடிமைகளின் கிளர்ச்சி ஒன்று அடங்கிய பிறகு, ஒரு நெடுஞ்சாலையின் இருபக்கமும் ஆயிரக்கணக்கானவர்களை அப்படி நட்டார்களாம். சாவு சில மணித்தியாலங்களில் வரலாம், நாட்கணக்கிலும் இழுக்கலாம். செத்தபிறகும் பெரும்பாலும் இறக்கமாட்டார்கள். காகமும் நாயும் பார்த்துக்கொள்ளும். மரங்கள் அவ்வளவு உயரமில்லை, நாய்க்கு எட்டும்.

அதனால்தான் எலும்புகள் கிடைப்பது அரிது. எருசலேமுக்குப் பக்கத்தில் ஒரு கல்லறையில் ஒரு குதிகால் எலும்பு கிடைத்திருக்கிறது. அதன் குறுக்காக ஓர் இரும்பாணி. நுனி வளைந்திருந்தது. மரத்தின் முடிச்சில் பட்டு வளைந்திருக்கும், கழற்ற முடியாமல் அப்படியே புதைத்திருப்பார்கள் என்று எழுதியிருந்தார்கள். அதைப்போல இன்னொரு குதிகால் இந்த நாட்டிலேயே, கேம்பிரிட்ஜுக்கு அந்தப்பக்கம், ரோமர் காலத்து வீதியோரக் கிராமம் ஒன்றில் கிடைத்திருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தபிறகு மீதிச் சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

நான் பஸ் ஓட்டும் வீதியும் ரோமர் போட்ட வீதிதான். லண்டனிலிருந்து கொல்செஸ்டருக்குப் படையைக் கொண்டுபோகப் போட்டது. இது எனக்கு முதலே தெரியும், அப்போது அது ஒரு செய்தி, அவ்வளவே. இப்போது கோழிக்கடைகளையும் கண்ணாடிக்கடைகளையும் கடந்து போகையில் வீதியின் இரண்டு கரையையும் பார்க்கத் தொடங்கினேன். ஒரு தரிப்பிடத்தில் நிற்காமல் போய்விட்டேன், பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

தவக்காலத்தின் முதல் கூட்டத்தில் அக்கா ஒரு குண்டைப் போட்டார்.

"முழுச் சிலுவையையும் ஒருத்தரும் சுமக்கேல்லை. நிமிர்ந்த மரம் ஊருக்கு வெளியிலை நட்டபடி நிக்கும். சாகப்போறவன் கொண்டுபோனது குறுக்குமரத்தை மட்டும்தான். ரெண்டு கையையும் விரிச்சு அதிலை கட்டித்தான் நடத்திக்கொண்டு போயிருப்பாங்கள். நாங்களும் இந்தமுறை அப்பிடித்தான் செய்யப்போறம்."

முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் கையை உயர்த்தினார். "அப்ப பிள்ளை, உந்தச் சுவரிலை தொங்கிறது பிழையோ?"

எல்லோரும் பாதரைப் பார்த்தார்கள். பாதர் சிரித்தார். "சுவரிலை இருக்கிறது செபிக்கிறதுக்கு ஐயா. அது அப்பிடியே இருக்கட்டும். இது நாடகம்தானே."

"நாடகம்தான் பாதர்," என்றார் அக்கா, "ஆனா பொய்யா இருக்கக்கூடாது. சனம் வருசா வருசம் வந்து அழுதுபோட்டு, கச்சான்கடலை சாப்பிட்டுக்கொண்டு வீட்டை போகுது. உண்மையிலை என்ன நடந்ததெண்டு ஒருக்காலெண்டாலும் பாக்கட்டும்."

எனக்கு அவர் சொன்னது சரியென்றே பட்டது. வாசித்ததெல்லாம் தலைக்குள் கிடந்தது. அதை ஆருக்காவது காட்டவேண்டும் என்ற அவதி எனக்கும் இருந்தது. முந்திய வருடங்களில் சிலுவைக் கட்டையில் கைகளுக்கு மறைவாக இரண்டு வார் இருக்கும். நடிப்பவர் கையைச் செருகிக்கொள்வார், வேண்டியபோது எடுத்துவிடலாம். இனி அது இல்லை. கயிறு, அதுவும் உண்மையான கட்டு.

மரவேலையை ஏற்றுக்கொண்டவர் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த டைல்ஸ் அண்ணை. இருபது வருடம் பிரான்சில் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வந்து பிளேஸ்டோவில் குடியிருந்தார். வாகனமும் வேலைக் கருவிகளும் அவரிடம் இருந்தன. ஆள் வாட்டசாட்டமானவர். குரலும் பெரிது. ஆகவே படைவீரர்களின் தலைவன் வேடமும் அவருக்குத்தான். பகிடி விட்டுக்கொண்டே வேலை செய்வார். எங்கள் வீட்டுக் குளியலறைக்கும் அவர்தான் டைல்ஸ் பதித்தார். நிலத்துக்கு மட்டும். சுவருக்கு வேறொரு ஆளைக் கூட்டிவந்தார். நான் அதைப்பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை.

நிமிர்ந்த மரத்தை இரும்பு அடித்தட்டில் பொருத்தி, பையன்களைக் கொண்டு மண்மூட்டை வைத்து இறுக்கினார். உச்சியில் குறுக்குமரம் உட்கார ஒரு வெட்டு. கீழே, நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில், கால்வைக்க ஒரு சின்னக் கட்டை. நான் ஒரு ஸ்டூலில் ஏறிக் கட்டையில் கால்வைக்கவேண்டும். இரண்டு பக்கமும் வீரர்கள் என் கைகள் கட்டப்பட்ட குறுக்குமரத்தைத் தூக்கி வெட்டுக்குள் இறக்குவார்கள். பிறகு ஸ்டூலை எடுத்துவிடுவார்கள்.

கயிறோடு முதல் ஒத்திகை ஒரு சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் நடந்தது. நான் ரீசேட்டோடு நிலத்தில் முழங்காலில் இருந்தேன். குறுக்குமரம் என் பிடரியில் கிடந்தது. அண்ணை எனக்குப் பின்னால் நின்றார்.

"இப்ப கையைப் பிடிச்சு இழுத்துக் கட்டுங்கோ," என்று அக்கா மறுகரையிலிருந்து சொன்னார். "மணிக்கட்டிலை ரெண்டு சுத்து."

அண்ணை என் வலது கையைப் பிடித்தார். அவருடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நான் திரும்பிப் பார்க்க முயன்றேன், மரம் கழுத்தை விடவில்லை.

"என்ன அண்ணை, கயிறு காணாதோ?" என்று அக்கா கேட்டார்.

கயிறு நிலத்தில் விழுந்த சத்தம் கேட்டது. அண்ணை மண்டபக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். கதவு தானாக அடித்துச் சாத்தியது. யாரோ சிரித்தார்கள், அவர் ஏதோ பகிடிக்குத்தான் போகிறார் என்று நினைத்து.

மரத்தை இறக்கி வைத்துவிட்டு நான் பின்னால் போனேன். அண்ணை வாகனத்துக்கும் மதிலுக்கும் இடையில் குந்தியிருந்தார். சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்திருந்தார். நான் கிட்டப் போனதும் கையைக் காட்டித் தடுத்தார்.

"நீர் உள்ளை போம் தம்பி. நான் வாறன்."

"பிரஷரோ அண்ணை? தண்ணி கொண்டு வரட்டோ?"

"பிரஷருமில்லை, கிஷருமில்லை." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "என்னையும் கட்டித் தூக்கினவங்கள் ஐசே. ரெண்டு கையையும் பின்னாலை கட்டி. ஊரிலை, ஆமி முகாமிலை."

என் வாயில் வந்தது ஒரு மூடத்தனமான கேள்விதான். "எவ்வளவு நேரம்?"

"நேரம் பாக்கிற இடத்திலையோ இருந்தனான்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நோகும்தான். ஆனா நோவைவிட மூச்சுத்தான் கரைச்சல். உள்ளை எடுக்கலாம். வெளியிலை விடேலாது. விட்டாத்தானே அடுத்ததை எடுக்கலாம்."

அதற்கு முதல் வாரம்தான் நான் அதைப்பற்றி வாசித்திருந்தேன். சிலுவையில் எப்படிச் சாகிறார்கள் என்று வைத்தியர்கள் இன்னும் தர்க்கப்படுகிறார்கள். மூச்சுத் திணறல் என்கிறது ஒரு பக்கம். இரத்தப்போக்கும் அதிர்ச்சியும் என்கிறது மறுபக்கம். கன்ரீனில் இருந்து அந்தத் தர்க்கத்தை ஒரு கிரிக்கெட் மாட்ச் பார்ப்பதுபோல நான் ஆர்வமாகப் பின்தொடர்ந்தேன்.

"வீட்டிலை மனிசிக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கும் தெரியாது. மனிசிக்கு, ஏணியாலை விழுந்தனெண்டு சொல்லியிருக்கிறன். பிரான்சிலை டொக்டருக்கும் அதுதான். நீரும் ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

தலையாட்டினேன். அக்காவிடம் அவருக்கு வயிற்றுக் குழப்பம் என்றேன்.

அடுத்த கிழமை அண்ணை வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார், பகிடியும் கூட வந்தது. கயிறு கட்ட வேறு ஆளை விடுங்கோ, நான் சுத்தியலோடை நிக்கிறன் என்று மட்டும் கேட்டார். அக்கா ஒத்துக்கொண்டார். கட்டுகிற வேலை இரண்டு இளம் வீரர்களிடம் போனது. அவர்கள் அதைச் சந்தோசமாகச் செய்தார்கள்.

எனக்குத்தான் ஒன்றும் ஒழுங்காக ஓடவில்லை. பூசையில் பீடத்துக்கு மேலே இருந்த பாடுபட்ட சிலுவைச் சுரூபத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்தால் தோள்மூட்டைத்தான் பார்த்தேன். இயேசுவைப் பின்பற்றியவர்களே முதல் சில நூற்றாண்டுகளுக்குச் சிலுவைச் சாவை வரைய விரும்பவில்லையாம். சிலுவையைக் காட்டும் மிகப் பழைய படங்களில் ஒன்று, ஒரு கிறிஸ்தவனைக் கேலிசெய்ய ஆரோ சுவரில் கீறியது. தொங்குகிறவருக்குக் கழுதைத் தலை. வீதியோரம் அதைக் கண்ணால் கண்டவர்களுக்கு அதைக் கும்பிடுபொருளாக நினைக்கவே கூசியிருக்கும். அந்தத் தண்டனை ஒழிந்து, நேரில் கண்டவர்கள் எல்லாரும் செத்துப்போன பிறகுதான் அது கோவிலுக்குள் தாராளமாக வந்தது. முதலில் வந்த படங்களில் இயேசு கண்ணைத் திறந்தபடி, அரசனைப்போல நின்றார். இரத்தமும் சாய்ந்த தலையும் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் வந்தன. எங்கள் கோவிலில் இருந்தவரின் தலை சாய்ந்திருந்தது.

அந்த ரோம வீரர்களைப்பற்றியும் நினைப்பு ஓடியது. அவர்களுக்கும் ஷிப்ட் இருந்திருக்கும். கயிறும் ஆணியும் எடுத்துக்கொண்டு காலையில் வேலைக்கு வந்திருப்பார்கள். முகாமில் அண்ணையைக் கட்டியவனும் மத்தியானம் சாப்பிடப் போயிருப்பான்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்ன நடந்தது?" என்று மனைவி கேட்டாள். கதிரையில் இருப்பதும் எழும்புவதுமாக இருந்தேன். "பயமா இருந்தா விட்டிடுங்கோவன். அந்த அக்காட்டை நான் கதைக்கிறன்."

"பயமில்லை."

"அப்ப ஏன் உந்தத் துள்ளல்?"

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். குளிருக்கு நெஞ்சில் பூச என்ன வாங்கலாம் என்று கதையை மாற்றினேன்.

பெரிய வெள்ளி விடிந்ததே தூறலோடுதான். ஊர்வலம் கோவிலிலிருந்து புறப்பட்டுப் பெருவீதியால் போய், பின்னாலுள்ள பள்ளிக்கூட முற்றத்தில் முடியவேண்டும். இடுப்பில் ஒரு துண்டு, தோளில் ஒரு சிவப்புப் போர்வை, உடம்பெல்லாம் சிவப்புச் சீனிப்பாகு. கைகள் விரித்துக் கட்டப்பட்டபடி நடப்பது ஒத்திகையில் இருந்ததைப்போல இல்லை. விழுந்தால் கையை ஊன்ற முடியாது, முகம்தான் தரையில் படும். இயேசு முதல்முறை விழும் கட்டத்தில் உண்மையாகவே தடுமாறினேன். சீனிப்பாகு மூக்கைக் கடித்தது, சொறிய முடியவில்லை. பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்கள் போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். என் வழித்தட பஸ் ஒன்று எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் என்னோடு வேலை செய்பவன். முதலில் என்னை அடையாளம் காணவில்லை. கண்டதும் ஹோர்ன் அடிக்கத் தூக்கிய கையை இறக்கி, தொப்பியைக் கழற்றினான்.

முற்றத்தில் நல்ல சனம். ஈஸ்ட்ஹாமிலிருந்தும் ஹவுன்ஸ்லோவிலிருந்தும் வந்திருந்தார்கள். பெண்கள் பசாம் என்ற பாடுகளின் ஒப்பாரியைப் பாடத் தொடங்கினார்கள். போர்வையை உரிந்தார்கள். ஸ்டூலில் ஏறினேன். தூக்கினார்கள். குறுக்குமரம் வெட்டுக்குள் "டொக்" என்று இறங்கியது. ஸ்டூலை எடுத்தார்கள். அண்ணை சுத்தியலால் மரத்தில் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் சனம் "ஐயோ" என்றது.

பிறகு கால்கட்டை திரும்பியது.

வாகனத்தில் ஏற்றி இறக்கியதில் ஒரு திருகாணி இளகியிருந்திருக்கலாம். மழையில் மரம் ஊறியும் இருந்திருக்கலாம். அது உடையவில்லை, என் பாதத்துக்குக் கீழே சும்மா ஒருபக்கம் சுழன்று சாய்ந்தது. சீனிப்பாகு பூசிய கால் வழுக்கியது. உடம்பின் முழுப்பாரமும் ஒரே கணத்தில் இரண்டு மணிக்கட்டிலும் தோளிலும் இறங்கியது. தோளுக்குள் ஏதோ கிழிந்ததைப்போல ஒரு சூடு. கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று தெரியாது.

சனம் ஓவென்று அழுதது.

காலால் மரத்தைத் தேடினேன். வழுக்கியது. மூச்சை எடுத்தேன். நெஞ்சு உப்பி அப்படியே நின்றது. விட முடியவில்லை. எனக்கு நேர்முன்னால் கறுப்புச் சீலை உடுத்த ஓர் அம்மா முழங்காலில் நின்று, செபமாலையை நெற்றியில் ஒற்றிக்கொண்டிருந்தார். அவருடைய வாய் அசைவதைப் பார்த்தேன். அக்கா கரையில் நின்று, அடுத்தது இயேசு தாகமாயிருக்கிறது என்று சொல்லும் இடம் என்று கையால் சைகை காட்டினார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இவ்வளவு பேர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவருக்கும் நான் தெரியவில்லை என்ற நினைப்பு மட்டும் வந்தது. அதைவிடப் பெரிய பயம் எனக்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை.

சுத்தியல் சீமெந்தில் விழுந்தது. அண்ணை ஓடிவந்து என் இரண்டு தொடைகளையும் கட்டிப்பிடித்து மேலே தூக்கினார். அவருடைய தகரத் தொப்பி என் வயிற்றில் இடித்தது.

"விடும். மூச்சை விடும்," என்றார். "பாரத்தை என்னிலை போடும். முழுக்கப் போடும். நான் பிடிச்சிருக்கிறன்."

விட்டேன்.

"இப்ப எடும். ஆறுதலா எடும். பேந்து விடும்."

பிறகு அவர் தலையைத் திருப்பிக் கத்தினார். "நடிப்பில்லை! கயிறை வெட்டுங்கோ! அக்கா, கயிறை வெட்டுங்கோ!"

இளம் வீரர்கள் திகைத்து நின்றார்கள். அக்காதான் ஓடினார். உடுப்புப் பையைக் கவிழ்த்துக் கொட்டித் துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, ஸ்டூலில் ஏறினார். கயிறு தடிப்பு. கத்தரிக்கோல் அறுக்க மறுத்தது. அவருடைய மூச்சு என் காதில் கேட்டது. "பொறும் தம்பி, பொறும், பொறும்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். ஒரு கை விழுந்தது. பிறகு மற்றது. நான் அண்ணையின் தோளில் சரிந்தேன். அவர் என்னைத் தூக்கிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போய், உதடு கடித்து இரத்தம் வந்திருந்தது. என்னைத் தாங்கிய அந்தத் தோள்களால் அவர் முகாமுக்குப் பிறகு ஒரு சீமெந்து மூட்டையைக்கூடத் தூக்கியதில்லை.

பாதர் ஒலிவாங்கியில் எல்லோரும் முழங்காலில் இருந்து செபிப்போம் என்றார். சனம் செபித்தது. பாதிப்பேர் அதை நாடகத்தின் பகுதி என்றே நினைத்தார்கள். சிலுவையடியில் மனம் மாறிய படைத்தலைவன் என்று எடுத்துக்கொண்டார்கள்போல. கறுப்புச் சீலை அம்மா வந்து அண்ணையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். "இந்தமுறைதான் வடிவா விளங்கினது ராசா" என்றார்.

பூசை உடுப்புகள் வைக்கும் அறையில் எங்களைப் போர்வையால் சுற்றி இருத்தினார்கள். என் மனைவி என் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கதவோரம் நின்றார். அவர் அழுததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?" என்று அண்ணையைக் கேட்டார். "எனக்குத் தெரியேல்லை. நான் இவரைக் கண்ணாலை பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்குத் தெரியேல்லை."

அண்ணை என்னைப் பார்த்தார்.

"நானும் தொங்கினனான் பிள்ளை," என்றார். அதையே திரும்ப, என்னிடம் சொன்னதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். எப்போது பிடித்தார்கள், எத்தனை பேர் அந்த அறையில் இருந்தார்கள், பக்கத்தில் தொங்கியவருக்கு என்ன ஆனது. இடையில் நிறுத்தி, தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றார். என் மனைவி சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். அக்கா கதவைச் சாத்திவிட்டு, நிலத்தில், அண்ணையின் காலடியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். உண்மை என்ற சொல்லை அன்றைக்குப் பிறகு அவர் கூட்டங்களில் பாவித்ததாக எனக்கு நினைவில்லை. அடுத்த தவக்காலத்தில், ஆளை ஏற்றுவதில்லை, சிலுவைப்பாதை செபம் மட்டும் என்று அவரே சொன்னார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. இப்போதும் அந்த வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. எனக்கும் எது சரியென்று தெரியாது. அந்த அம்மாவுக்கு ஏதோ விளங்கியிருக்கிறது, அதைப் பொய்யென்று சொல்ல நான் ஆர்?

என் வலது தோளில் ஒரு தசைநார் பாதி அறுந்திருந்தது. ஸ்டியரிங் பிடிக்க ஏலாது. வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்றா சொல்வது, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். அண்ணை பின்னேரங்களில் வருவார். இறைச்சிக்கறி கொண்டுவருவார். டிவியில் எதையாவது போட்டுவிட்டு இரண்டு பேரும் பார்க்காமல் இருப்போம். ஒருநாள் நான் பிஸியோ சொல்லித்தந்த பயிற்சியைச் செய்தேன். சுவரில் விரல்களை ஊன்றி, சிலந்தி ஏறுவதைப்போலக் கையை மேலே கொண்டுபோகவேண்டும். அண்ணை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி வந்து என் பக்கத்தில் நின்று தன் விரல்களையும் சுவரில் வைத்தார். நெஞ்சு உயரத்தோடு நின்றுவிட்டன.

"எனக்கு இவ்வளவுதான்," என்றார்.

"டொக்டரிட்டைக் காட்டுங்கோ அண்ணை. நானும் வாறன்."

"வந்து என்ன சொல்லுறது? ஏணியோ?"

"அது உங்கடை விருப்பம்."

அவருக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். ஆங்கிலம் டைல்ஸ் வேலைக்குக் கதைக்கிற அளவுக்குத்தான். மொழிபெயர்க்க என்று நானும் உள்ளே போனேன். இளம் டொக்டர். பெண். கையைத் தூக்கச் சொன்னார், பின்னால் கொண்டுபோகச் சொன்னார். முடியவில்லை. எப்போதிருந்து, எப்படி நடந்தது என்று கேட்டுக்கொண்டே கணினியில் தட்டினார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். நான் ஏணிக்கு ஆங்கிலச் சொல்லோடு தயாராக இருந்தேன்.

"கட்டித் தூக்கினவங்களெண்டு சொல்லும்," என்றார்.

சொன்னேன். சொல் சரியா என்று தெரியாமல் என் கைகளைப் பின்னால் வைத்துக் காட்டினேன், வலித்தது. டொக்டர் தட்டுவதை நிறுத்தினார். கதிரையைத் திருப்பி அண்ணைக்கு நேராகப் போட்டுக்கொண்டார். இதை எங்களிடம் சொன்னதற்கு நன்றி என்றார். நான் அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

இப்போது இரண்டு இடத்துக்குப் போகிறார். ஒன்று தோளுக்கு. மற்றது, இப்படியானவர்களோடு இருந்து கதைக்கவென்றே உள்ள ஒரு இடம். தன் மனைவியிடம் தானே சொல்லியிருக்கிறார். அவ இரண்டு நாள் கதைக்கவில்லையாம், பிறகு ஏணியை ஏன் இவ்வளவு காலம் பழிசொன்னீங்கள் என்று கேட்டாவாம். தோள் எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியாது, காலம் கடந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் திரும்ப பஸ் ஓட்டுகிறேன். என் ஓய்வு நாளில் அவருக்கு டொக்டரிடம் நேரம் கிடைத்தால் நானும் கூடப் போவேன். காத்திருக்கும் அறையில் எனக்கு இருக்க ஏலாது. எழும்பி நோட்டீஸ்போர்ட் பார்ப்பேன், தண்ணீர் குடிப்பேன், திரும்ப வருவேன்.

"இரும் ஐசே," என்பார் அவர், கையில் டைல்ஸ் கடைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு. "எனக்கோ உமக்கோ வருத்தம்? கூப்பிடுவினம்."

கூப்பிடுவார்கள். அவருடைய பெயரை ஒருநாளும் சரியாக உச்சரிக்க மாட்டார்கள். அவர் புத்தகத்தை என் மடியில் போட்டுவிட்டு எழும்பிப் போவார்.